பேரீச்சை என்று தருவதெல்லாம் பேரீச்சை அல்ல: சேலத்தில் எதை நடுவது, ஏற்காட்டில் எதை நடுவது?

மனைப்பிரிவின் நுழைவாயிலுக்கோ, கல்யாண மண்டபத்து முகப்புக்கோ, ஏற்காட்டில் ஒரு தோட்ட வீட்டுக்கோ "டேட் பாம் வேண்டும்" என்று நர்சரியில் சொன்னால், லாரியில் வந்து இறங்குவது நான்கைந்து மரங்களில் ஏதோ ஒன்றாக இருக்கும். எல்லாவற்றுக்கும் பேச்சில் புழங்கும் பெயர் பேரீச்சைதான். ஆனால் ஒன்று 3 மீட்டரில் நின்றுவிடும். இன்னொன்றின் தண்டு ஒரு ஆள் கைகோத்துக் கட்டிப்பிடிக்க முடியாத பருமனுக்கு வரும். ஒன்று அடியில் கன்று விட்டுக்கொண்டே இருக்கும். இன்னொன்று கடைசிவரை ஒற்றை மரமாகவே நிற்கும். வைத்து ஐந்து வருடம் கழித்து ஆள் மாறியது தெரிந்தால், கிரேன் வைத்துப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

சேலத்தில் இந்தத் தவறுக்கு விலை அதிகம். நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கிறது. சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு, சுமார் 1,500 மீட்டர் உயரம், மூடுபனி, நல்ல மழை, குளிர்ந்த இரவு. கீழே செழிக்கும் ஈச்சை மேலே நோயில் படுக்கும். மேலே கம்பீரமாக நிற்பது கீழே கோடையில் வாடி நிற்கும். அதனால் "எது அழகு" என்பதற்கு முன்னால் "இது எது" என்று தெரிந்தாக வேண்டும்.

முதலில், ஈச்சை இனமா என்று பாருங்கள்

மட்டையின் நடுப்பகுதியில் ஒரு கீற்றைப் பிடித்து, அது நடுத்தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். ஈச்சை இனம் எல்லாவற்றிலும் கீற்று மேல்நோக்கி மடிந்திருக்கும். ஒரு சொட்டு தண்ணீர் விட்டால் வாய்க்காலில் ஓடுவதுபோல் உள்ளே ஓடும். தென்னையிலும் ராயல் பாமிலும் மடிப்பு கீழ்நோக்கி, கூரை கவிழ்த்ததுபோல் இருக்கும். தண்ணீர் இரண்டு பக்கமும் வழியும். அடுத்து மட்டையின் அடிப்பாகம். ஈச்சையில் அடிக்கீற்றுகள் கீற்றாகவே இருக்காது. விறைத்த முள்ளாக மாறியிருக்கும். இந்த இரண்டும் இருந்தால் அது ஃபீனிக்ஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. உலகில் இதில் 14 வகை சொல்லப்படுகிறது. நம் பக்கம் தோட்டத்திலும் காட்டிலும் பார்க்கக் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு.

இன்னொரு பொது விஷயம், பின்னால் முடிவெடுக்க உதவும்: ஈச்சைகளில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூப்பதற்கு முன்னால் பார்த்துச் சொல்ல முடியாது. அருகருகே பூக்கும் வகைகள் ஒன்றோடொன்று எளிதில் கலக்கும். விதையில் முளைத்த கன்றில் கலப்பு இருக்க வாய்ப்பு எப்போதும் உண்டு. கீழே சொல்லும் அடையாளங்கள் பாதி இதிலும் பாதி அதிலும் பொருந்தினால் உங்கள் கண்ணில் குறை இல்லை. மரமே கலப்பாக இருக்கலாம்.

ஈச்சமரமும் பேரீச்சையும்: அதிகம் குழம்புவது இங்கேதான்

சேலம் சுற்றுவட்டாரத்தில் பேரீச்சை என்ற பெயரில் பெரிய மரமாக வந்து இறங்குவதில் பெரும்பாலானவை நம் நாட்டு ஈச்சமரம்தான், ஃபீனிக்ஸ் சில்வெஸ்ட்ரிஸ். நர்சரிக்காரர்கள் சுருக்கமாக "சில்வஸ்ட்ரிஸ்" என்பார்கள். வட இந்தியாவிலும் வங்காளத்திலும் பனியில் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சுவது இந்த மரத்தில்தான். கடையில் வாங்கித் தின்னும் பேரீச்சம்பழம் தருவது ஃபீனிக்ஸ் டாக்டிலிஃபெரா என்ற வேறு மரம். இரண்டுக்கும் சாம்பல் பூத்த பச்சை, இரண்டுக்கும் சாய்சதுரத் தழும்பு போட்ட தண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பிபோல் இருக்கும்.

பிரித்தறிய முதலில் குனிந்து அடியைப் பாருங்கள். பேரீச்சை இளமையில் அடியிலிருந்து பக்கக்கன்று விடும். விற்பனைக்கு வெட்டி எடுத்திருந்தாலும் வெட்டிய வட்டத் தழும்பு அடித்தண்டில் தெரியும். ஈச்சமரம் பக்கக்கன்று விடாது. அதன் அடியில் தெரிவது வேர்க்கூட்டம்: மண்ணுக்கு மேலே அரை அடி, ஒரு அடி உயரத்துக்குப் பாவாடை கட்டியதுபோல் குட்டைக் குட்டையான வேர்கள் பிதுங்கி நிற்கும். இதைப் பலர் நோய் என்று நினைத்துச் செதுக்கிவிடுகிறார்கள். செதுக்கக் கூடாது; அது அந்த மரத்தின் இயல்பு.

அடுத்தது கொண்டை. ஈச்சமரத்தின் கொண்டை நெருக்கம், கிட்டத்தட்ட உருண்டை. மட்டை சுமார் 3 மீட்டர், வளைந்து தொங்கும். பேரீச்சையின் கொண்டை கொஞ்சம் கலைந்தது. மட்டைகள் 4, 5 மீட்டர் நீண்டு விறைப்பாக மேல்நோக்கி நிற்கும், இடையில் வானம் தெரியும். மட்டைக்காம்பும் பேரீச்சையில் நீளம், ஈச்சமரத்தில் குட்டை. கீற்றுகள் இரண்டிலுமே ஒரே தளத்தில் படுக்காமல் பல திசைக்குத் திரும்பியிருக்கும். ஆனால் ஈச்சமரத்தில் அவை இரண்டு மூன்றாகக் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து, குறுக்கும் நெடுக்குமாக நிற்பது நன்றாகத் தெரியும்.

காய்த்த மரம் என்றால் சந்தேகமே வேண்டாம். ஈச்சம்பழம் கட்டைவிரல் நுனி அளவு, 2.5 முதல் 3 சென்டிமீட்டர், ஆரஞ்சு மஞ்சள். கொட்டைதான் பெரும்பகுதி, அதன் மேல் பற்றிய சதை மெல்லியது. பேரீச்சை 4 சென்டிமீட்டருக்கு மேல், சதைப்பற்று.

பெரிய ஈச்சமரம் வாங்கும்போது இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும், பெரும்பாலோர் பார்ப்பதில்லை. வெளி மாநிலத்திலிருந்து பிடுங்கி வரும் மரங்களில் சில, முன்பு கள் இறக்கிய மரங்கள். கொண்டைக்குக் கீழே தண்டில் இடப்பக்கம் ஒரு வெட்டு, அதற்கு மேலே வலப்பக்கம் ஒரு வெட்டு என்று மாறி மாறிப் படிக்கட்டுபோல் பள்ளங்கள் இருந்தால் அது கள் சீவிய தழும்பு. ஒரு வருடம் ஒரு பக்கம் சீவினால் அடுத்த வருடம் எதிர்ப்பக்கம் சீவுவது வழக்கம். வேம்பிலோ புங்கனிலோ காயம் பட்டால் பட்டை வளர்ந்து மூடிக்கொள்ளும். பனை, தென்னை, ஈச்சைக்கு அந்தத் திசு கிடையாது. இன்று இருக்கும் பள்ளம் மரம் இருக்கும்வரை பள்ளம்தான். அந்த இடத்தில் தண்டு வலுவும் குறைவு. வாசலில் ஜோடியாக நிறுத்தப்போகும் மரம் என்றால் இப்படிப்பட்டதை ஏற்காதீர்கள்.

சரி, எதை எடுப்பது? கீழே நகரத்தில், நிழற்சாலைக்கும் முகப்புக்கும் ஈச்சமரமே சரி என்பது எங்கள் தெளிவான முடிவு. இந்த மண்ணின் வெயிலும் வறட்சியும் அதற்குப் பழக்கம்; பக்கக்கன்று வெட்டும் வேலை இல்லை; கொண்டை அழகும் அதற்குத்தான் அதிகம். அலங்காரத்துக்காகப் பேரீச்சை வாங்குவது தேவையற்ற செலவு. மரத்துக்கு மரம் 6 மீட்டர், சுவரிலிருந்து 3 மீட்டராவது விடுங்கள்.

பழம் வேண்டும் என்றால் மட்டும் பேரீச்சை. அதுவும் விதைக்கன்று வேண்டாம். பாதி ஆணாகப் போகும், பழத்தின் தரத்துக்கும் உத்தரவாதம் இல்லை. பக்கத்து தர்மபுரி மாவட்டத்தில் திசு வளர்ப்புக் கன்று வைத்துப் பலன் எடுக்கும் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே பர்ஹி ரகம் பிடிபட்டதற்குக் காரணம் மழை. பேரீச்சை மரத்திலேயே கனிந்து காயும் நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்து, புளித்து, அழுகிப்போகும். பர்ஹியைக் கனியும் முன்பே, மஞ்சளாகி மொறுமொறுப்பாக இருக்கும் பருவத்திலேயே துவர்ப்பில்லாமல் தின்னலாம். அதனால் பெருமழைக்கு முன் குலையை இறக்கிவிட முடிகிறது. 8 மீட்டருக்கு 8 மீட்டர் வைத்தால் ஏக்கருக்கு 63 மரம். அதில் இரண்டு மூன்று ஆண் மரம் வைத்து, பாளை வெடித்ததும் மகரந்தத்தைக் கையால் பெண் பாளையில் இட வேண்டும். காற்றை நம்பி விட்டால் பிடிக்கும் காய் மிகக் குறைவு. ஏற்காட்டில் பேரீச்சை பழத்துக்காக நடவே கூடாது. கனிவதற்கான வெப்பம் அங்கே கிடையாது; மழை உண்டு.

கேனரி ஈச்சை: மலைக்கு ஏற்ற பெருமரம்

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் கேனரித் தீவுகளின் மரம், ஃபீனிக்ஸ் கேனரியென்சிஸ். ஒருமுறை சரியாகப் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது. தண்டு 60 முதல் 90 சென்டிமீட்டர் பருமன்; ஈச்சமரம் அதில் பாதிதான். மட்டை 5, 6 மீட்டர். நிறம் சாம்பல் கலக்காத அடர்ந்த பச்சை, எண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்பு. கீற்றுகள் சீப்புப் பல்லைப்போல் ஒழுங்காக, நெருக்கமாக இருக்கும்; ஈச்சமரத்தின் குறுக்கு நெடுக்கான கொத்து இதில் கிடையாது. மட்டையை வெட்டிச் சீவி ஒழுங்குபடுத்தினால் கொண்டையின் அடி அன்னாசிப்பழம்போல் உருண்டு நிற்கும். பக்கக்கன்று விடாது.

குளிர் தாங்கும், மிதமான வெப்பத்தில் சிறக்கும். ஏற்காட்டில் விசாலமான புல்வெளி நடுவே ஒற்றை மரமாக வைக்க இதற்கு இணை வேறு ஈச்சை இல்லை. ஆனால் இடம் தின்னும். முதல் பத்து வருடம் உயரம் போகாது; தண்டின் பருமனை முழுதாக எடுத்துக்கொண்ட பிறகுதான் மேலே ஏறும். அந்தப் பத்து வருடமும் மட்டைகள் தரையோடு பரந்து 7, 8 மீட்டர் வட்டத்தை அடைத்துக்கொள்ளும், அடியில் விரல் நீளத்துக்கு மேற்பட்ட முள்ளோடு. நடைபாதையிலிருந்து 2 மீட்டர் தள்ளிக் கன்று வைத்துவிட்டு, பிறகு நடக்க இடமில்லை என்று மட்டையைக் கழித்துக்கொண்டே போனால் மரம் பருக்காது. கொண்டைக்குக் கீழே பென்சில்போல் சிறுத்த தண்டுகளுக்கு இந்த ஓயாத கழிப்பும் ஒரு காரணம். 8 மீட்டர் குறுக்களவு காலியிடம் இல்லாவிட்டால் கேனரி வேண்டாம்.

இரண்டாவது எச்சரிக்கை சிவப்புக் கூன்வண்டு. தென்னையைக் கொல்லும் அதே வண்டுதான்; ஈச்சை வகைகளில் அதற்கு மிகப் பிடித்தது கேனரி. சேலத்துச் சமவெளியில் சுற்றிலும் தென்னந்தோப்பு இருக்கும்போது ஒரு கேனரியை நடுவில் வைப்பது வண்டை விருந்துக்கு அழைப்பது மாதிரி. கோடை வெப்பமும் சேர்ந்துகொள்ளும். கீழே கேனரிக்கு எங்கள் பதில் வேண்டாம் என்பதே.

கன்றுப் பருவத்தில் கேனரிக்கும் ஈச்சமரத்துக்கும் வித்தியாசம் காண்பது கடினம். 3 அடிக் கன்றில் நிறத்தையும் கீற்றின் ஒழுங்கையும் மட்டும் நம்பலாம்: பச்சையும் சீப்பு வரிசையும் என்றால் கேனரி, சாம்பலும் கொத்தும் என்றால் ஈச்சை. அதற்கும் சிறிய கன்றில் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பில்லில் "டேட் பாம்" என்று மட்டும் எழுதாமல் முழு அறிவியல் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் இடத்தில் வாங்காதீர்கள்.

குட்டை ஈச்சை

வீட்டு முற்றம், தொட்டி, போர்ட்டிகோ ஓரம் என்றால் ஃபீனிக்ஸ் ரோபெலினி. லாவோஸ், வியட்நாம், தென்சீனப் பகுதி ஆற்றங்கரைகளில் இருந்து வந்தது. 2, 3 மீட்டருக்கு மேல் அரிது. தண்டு 10 சென்டிமீட்டர் பருமன்தான்; அதில் உதிர்ந்த மட்டைகளின் அடி சிறு முளைக்குச்சிபோல் துருத்தி நிற்கும். இந்த முளைகள் வேறு எந்தத் தோட்ட ஈச்சையிலும் இவ்வளவு தெளிவாக இருக்காது. கீற்று மெல்லியது, மிருதுவானது, பளபளப்பானது. ஒரே தொட்டியில் மூன்று தண்டு இருந்தால் அது கிளைத்தது அல்ல. மூன்று கன்றைச் சேர்த்து நட்டிருக்கிறார்கள்.

மிருதுவான கீற்றைப் பார்த்து ஏமாந்து குழந்தைகள் ஓடும் இடத்தில் வைத்துவிடாதீர்கள். மட்டையின் அடியில் ஊசி முள் மறைந்திருக்கும். ஈச்சை முள் விரல் மூட்டிலோ முழங்காலிலோ குத்தி நுனி உள்ளேயே முறிந்தால், வாரங்கள் கழித்தும் மூட்டு வீங்கி வலிக்கும். முள் எக்ஸ்-ரேயில் தெரியாது, ஸ்கேனில்தான் தெரியும். மருத்துவரிடம் "ஈச்சை முள் குத்தியது" என்று சொல்லிவிட வேண்டும். எந்த ஈச்சையைக் கழிக்கும்போதும் தடித்த கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

சேலத்தில் குட்டை ஈச்சைக்குப் பகல் 11 மணிக்கு மேல் நிழல் கிடைக்கும் கிழக்குப் பக்கம் நல்லது. மேற்குச் சுவரின் அனல் அடித்தால் நுனி கருகும். ஏற்காட்டில் முழு வெயிலிலும் நன்றாக வரும்.

நம் மலையின் சொந்த ஈச்சை

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைச் சரிவுகளில், புல்லும் பாறையும் கலந்த இடங்களில், இடுப்பளவு முதல் ஆள் உயரம்வரை புதராக நிற்கும் ஈச்சையை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அது சிற்றீச்சை, ஃபீனிக்ஸ் லூரீரி. மட்டையைக் கட்டி ஈச்சமாறு செய்வது இதில்தான். காட்டுத்தீ ஓடிய சரிவில் மற்றவை கருகிக் கிடக்கும்போது இது குருத்து விட்டு எழும். பழம் ஆரஞ்சாகி, பிறகு நீலக் கருப்பாகும். தோட்ட அலங்காரத்துக்கு இதை யாரும் நினைப்பதே இல்லை என்பது வருத்தமான விஷயம். காப்பித் தோட்ட ஓரத்திலும், மண் சரியும் கரைகளிலும், பாறைத் தோட்டத்திலும் எந்த வெளிநாட்டுச் செடியைவிடவும் இது பொருந்தும். நட்டுப் பிழைத்த பிறகு தண்ணீர் கேட்காது, பூச்சி மருந்தும் தேவைப்படாது.

இதன் தங்கை சமவெளியில் வளரும் ஃபீனிக்ஸ் புசில்லா. கிராமத்துப் பிள்ளைகள் கருத்த குலையைப் பறித்துத் தின்னும் ஈச்சஞ்செடி இதுவே. ஓலையில் பாயும் கூடையும் முடைவார்கள். கீற்று விறைப்பாக, பல திசைக்கும் கூர்முனை நீட்டி நிற்கும். கீற்று நடுத்தண்டோடு சேரும் மூட்டில் மஞ்சள் கலந்த ஆரஞ்சில் சிறு தடிப்பு இருக்கும். அந்தத் தடிப்பைப் பார்த்தால் புசில்லா என்று கொள்ளலாம். மலைக்குச் சிற்றீச்சை, சமவெளிக்குப் புசில்லா. உயிர்வேலிக்கு இரண்டுமே நல்லவை.

நர்சரியில் இவை அபூர்வம். அதற்காகக் காப்புக் காட்டில் பிடுங்கக் கூடாது. அது குற்றம், பிடுங்கிய புதரும் பெரும்பாலும் பிழைக்காது. பட்டா நிலத்துச் செடியில், உரியவரிடம் கேட்டு, கருத்த பழத்தை எடுங்கள். சதையைப் பிசைந்து கழுவி, தினமும் தண்ணீர் மாற்றி மூன்று நாள் ஊறவைத்து, 25 சென்டிமீட்டராவது ஆழமுள்ள பையில் விதையுங்கள். ஆழம் ஏன் முக்கியம் என்றால், ஈச்சை விதை முளைக்கும்போது முதலில் ஒரு குழல் கீழே இறங்கி, அதன் நுனியிலிருந்துதான் குருத்தும் வேரும் கிளம்பும். ஆழமில்லாத தட்டில் அது மடங்கி நிற்கும். முளை வெளியே தெரிய இரண்டு மூன்று மாதமாகலாம், பையைக் கொட்டிவிடாதீர்கள்.

மற்ற இரண்டு வகைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆப்பிரிக்காவின் ரெக்ளினாட்டா பல தண்டுகளாகக் கிளைத்து நாலாபுறமும் சாய்ந்து நிற்கும். பெரிய வளாகத்துக்கு அழகு, பராமரிப்பு கடினம். இமயமலை அடிவாரத்து ரூபிகோலாவுக்குக் கீற்றெல்லாம் ஒரே தளத்தில் தட்டையாகப் படுத்து, பளிச்சென்ற பச்சையில் தொங்கும். பாறைச் சரிவுச் செடி, மூடுபனிக்கும் ஈரத்துக்கும் பழகியது. உண்மையான கன்று கிடைத்தால் ஏற்காட்டில் அரைநிழலில் அவசியம் வைத்துப் பார்க்கலாம்.

மண்ணைப் பார்க்காமல் மரம் வாங்காதீர்கள்

சேலத்துக்கும் மலையடிவாரத்துக்கும் இடையில் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், கிடக்கும் பகுதி இருக்கிறது. அந்தப் பக்கத்து மண்ணில் மக்னீசியம் ஏற்கெனவே மிகுதி. ஈச்சையின் பழைய மட்டைகள் மஞ்சளித்தால் "எப்சம் உப்பு போடு" என்று சொல்வது பொதுவான வைத்தியம். எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்ஃபேட். இந்த மண்ணில் அதைப் போட்டால் நிலைமை மோசமாகும். மக்னீசியம் மிகுந்தால் வேர் பொட்டாசியத்தை எடுப்பது குறையும், மஞ்சளுக்குக் காரணமே பெரும்பாலும் பொட்டாசியக் குறைதான். அடிமட்டைக் கீற்றுகளில் ஆரஞ்சு மஞ்சள் புள்ளிகள் தோன்றி, நுனி காய்ந்து சுருண்டால் பொட்டாசியம். மட்டையின் ஓரம் அகலமாக எலுமிச்சை மஞ்சளாகி நடுப்பகுதி பச்சையாகவே இருந்தால் மக்னீசியம். பழைய மட்டை நன்றாக இருந்து, புதுக் குருத்து மட்டும் சிறுத்து, கருகி, சுருண்டு வந்தால் மாங்கனீசு. சுண்ணாம்புச் சத்து மிகுந்த காரமண்ணில் மாங்கனீசு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. குட்டை ஈச்சையில் இது வேகமாகத் தெரியும், கவனிக்காவிட்டால் குருத்தே செத்துவிடும். மண் பரிசோதனைக்குச் சின்னச் செலவுதான். மரம் வாங்கும் முன்பே செய்துவிடுங்கள்.

அடியில் சுக்கான் பாறை இருக்கும் செம்மண்ணில் வடிகால் இன்னொரு சிக்கல். 60 சென்டிமீட்டர் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். மணிக்கு 2 சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை என்றால் பாறையை உடைத்து வழி விடுங்கள், அல்லது மேடு கட்டி நடுங்கள். குளமாக நிற்கும் குழியில் ஈச்சை வேர் அழுகும்.

ஏற்காட்டுப் பிரச்சினை வேறு. ஈரக்காற்றில் மட்டைகளின் இரு பக்கமும் கடுகளவு கருத்த கொப்புளங்கள் எழும். விரலால் தடவினால் சொரசொரக்கும். அருகில் பார்த்தால் ஒவ்வொரு கொப்புளத்தின் நடுவிலிருந்தும் மஞ்சள் இழைகள் கற்றையாக நீட்டியிருக்கும். இது கிராஃபியோலா என்ற பூஞ்சை. பேரீச்சை, கேனரி, ஈச்சமரம் மூன்றையும் பிடிக்கும். மரத்தைக் கொல்லாது, ஆனால் பழைய மட்டைகளை அசிங்கமாக்கிச் சீக்கிரம் உதிரவைக்கும். பதறி எல்லா மட்டையையும் வெட்டக் கூடாது. மோசமான அடிமட்டைகளை மட்டும் எடுத்து அப்புறப்படுத்துங்கள். மேலிருந்து தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். மரங்களுக்கிடையே காற்று ஓட இடம் விடுங்கள். மலையில் சில்வர் ஓக் நிழலுக்குள் கேனரியைத் திணிக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

கழிப்பதும் வண்டும்

மட்டையைக் கழிப்பதற்கு ஒரே விதி போதும்: தரைக்குக் கிடைமட்டமாக நிற்கும் மட்டைக்கு மேலே கத்தி போகக் கூடாது. திருவிழாவுக்கு முன் நாலு குருத்தை மட்டும் விட்டு மொட்டையடிப்பது மரத்தின் பொட்டாசியக் கையிருப்பையே வெட்டி எறிவதற்குச் சமம்; அது பழைய மட்டையில்தான் சேமித்து வைத்திருக்கும். போதாக்குறைக்கு, பச்சைக் காயத்தின் வாசனைக்கே கூன்வண்டு வரும். கேனரி என்றால் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போகும் முன் ரம்பத்தைக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சிங் திரவம், மூன்று பங்கு தண்ணீர் கலந்ததில் ஐந்து நிமிடம் ஊறவையுங்கள். கேனரியைத் தாக்கும் ஃபியூசேரியம் வாடல் நோய் ரம்பம் வழியாகத்தான் அதிகம் பரவுகிறது. அதற்கு மருந்து கிடையாது.

மட்டை இடுக்கில் மென்று துப்பிய நார், பழுப்புநிறக் கசிவு, புளித்த வாடை, கொண்டை ஒரு பக்கமாகச் சரிவது இவை கூன்வண்டின் அறிகுறி. குருத்து விரிந்ததும் கீற்றுகள் கத்தரியால் முக்கோணமாக வெட்டியதுபோல் இருந்தால் காண்டாமிருக வண்டு. பக்கத்து எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்குங்கள். தென்னைக்குச் செய்வதுபோல் ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளும் இரண்டு பங்கு மணலும் கலந்து உள் மட்டை இடுக்குகளில் வருடத்துக்கு மூன்று முறை வைக்கலாம். கூன்வண்டுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதானால் மரத்தடியில் வைக்காதீர்கள். தள்ளி வையுங்கள், பக்கத்தில் வைத்தால் வந்த வண்டு பொறிக்கு முன் மரத்தைப் பார்த்துவிடும்.

பெரிய மரத்தை இறக்கி நடும் நாள்

ஈச்சை வேர் சூடான மண்ணில்தான் ஓடும். சேலத்தில் ஆனி, ஆடி நல்ல காலம். ஏற்காட்டில் வைகாசி, ஆனியில் முடித்துவிடுங்கள். கார்த்திகைக்கு மேல் நட்டால் குளிரில் வேர் நகராமல் உட்கார்ந்திருக்கும். 2, 3 மீட்டர் தண்டுள்ள ஈச்சமரத்துக்கு வேரோடு வரும் மண்கட்டி 1.2 மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும். அடிமட்டைகளில் பாதியை எடுத்துவிட்டு, மீதியைக் கயிற்றுக்குள் மேலே கூட்டிக் கட்டுங்கள், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு. மரம் முன்பு நின்ற மண்மட்டம் தண்டில் தெரியும்; அதற்கு மேல் ஒரு அங்குலம்கூடப் புதைக்கக் கூடாது. நேராக நிற்கவேண்டும் என்று ஆழப் புதைத்த மரம் இரண்டு மூன்று வருடம் கழித்துச் சாகும், காரணமும் யாருக்கும் புரியாது. முட்டுக்கொடுக்கத் தண்டைச் சுற்றிச் சாக்கு, அதன் மேல் மரத்துண்டுகள், அவற்றில் மூன்று சாய்வுக் கம்புகள். தண்டில் ஆணி அடிக்கவே கூடாது; அந்த ஓட்டை மூடாது. முதல் மாதம் நாள் ஒன்றுக்கு 50 லிட்டர் தண்ணீர் குறையாமல் கொடுங்கள். உரம் மட்டும் புது வேர் ஓடும்வரை வேண்டாம்.

நட்ட மரம் பிடித்ததா என்று மட்டையின் பச்சையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். செத்த ஈச்சைகூடத் தண்டில் சேர்த்து வைத்த நீரில் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும். கயிறு அவிழ்த்த அன்று ஏணி வைத்து ஏறி, நடுக்குருத்திலும் அதை ஒட்டி நிற்கும் மட்டையிலும் ஒரே மட்டத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். 10 நாள், 20 நாள் கழித்துப் பாருங்கள். குருத்தின் கோடு மேலே ஏறியிருந்தால் மரம் உயிரோடு வளர்கிறது. கோடையிலும் ஒரு மாதத்துக்கு இரண்டு கோடும் அதே மட்டத்தில் நின்றால் குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்து, அடியில் அழுகல் வாடை அடித்தால், கீழ்மட்டை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் மரம் முடிந்தது. நர்சரி தந்த உத்தரவாதக் காலம் கடக்கும் முன் அந்தக் கோட்டைப் படம் எடுத்து, தேதியோடு அனுப்பி, மாற்று மரம் கேளுங்கள்.